‘ஸ்டேயிங் அலைவ்’ பாடலுக்கு டிரம்ஸ் வாசித்தவர் யார்? வாயனசாலை உரைக்காக ஒரு கேள்வி

கொழிஞ்சை வாசகன்:

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். படம் தொடங்குவதற்கு முன் உறுப்பினர் ஒருவர் இருபது நிமிடம் பேசுவது வழக்கம். அடுத்த மாதம் 1977இல் வெளிவந்த ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ படத்துக்கு அந்தப் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. படத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தாலும், அதன் தொடக்கக் காட்சியில் ஒலிக்கும் பீ ஜீஸ் குழுவின் ‘ஸ்டேயிங் அலைவ்’ பாடலைப் பற்றி மட்டுமே பேசுவதென்று முடிவு செய்துவிட்டேன்.

அதற்கு என் சொந்த வாழ்க்கையில் ஒரு காரணம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் என் பெரியப்பா மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டரும் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகளும் கொண்டுவந்தார். அவற்றில் பாதி ஆங்கில டிஸ்கோ. வீட்டில் யாருக்கும் அந்தப் பாட்டுகளில் ஒரு வரிகூடப் புரியாது. ஆனாலும் திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருக்கும் பெண்கள் இந்தப் பாட்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்பதும், உரிக்கும் கைகள் தாமாகவே தாளத்துக்கு வந்துவிடும் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சென்ற மாதம் பாலக்காட்டில் உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பில் இதே பாட்டைப் போட்டார்கள். எழுபது வயதைக் கடந்த என் அம்மாவும், ப்ளஸ் டூ படிக்கும் என் அண்ணன் மகளும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அந்தக் கேசட்டுகளில் இருந்த மற்ற டிஸ்கோ பாட்டுகளை இன்று கேட்டால் காலாவதியாகிவிட்டதாகவே தோன்றுகிறது. இது மட்டும் ஏன் அப்படித் தோன்றவில்லை?

இரண்டாவது கேள்வி சிறியது. இசைத்தட்டின் உறையில் இந்தப் பாடலுக்கு டிரம்ஸ் வாசித்தவர் பெர்னார்ட் லூப் என்று இருக்கிறது. அந்தப் பெயரில் வேறெந்த இசைத்தட்டிலும் ஒருவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் யார்? பின்னர் என்ன ஆனார்?

நாடாப்பெட்டி:

வாசகன் அவர்களே, பெர்னார்ட் லூப் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. நீங்கள் சிறியது என்று ஒதுக்கிய இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இருக்கிறது என்பது என் எண்ணம். கோயம்புத்தூரில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் பல ஆண்டுகள் நாடாவை வெட்டி ஒட்டும் வேலையைச் செய்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1977இன் தொடக்கத்தில் பீ ஜீஸ் குழுவின் கிப் சகோதரர்களான பேரி, ராபின், மாரிஸ் மூவரும் பாரிஸ் நகருக்கு வெளியே ஷாத்தோ தெரூவில் என்னும் பழைய மாளிகையில் தங்கியிருந்தார்கள். அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. எல்டன் ஜான், டேவிட் பொவி போன்றவர்களும் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். சகோதரர்கள் போனது தங்களுடைய மேடைக் கச்சேரிப் பதிவை ஒழுங்குபடுத்தவும், அடுத்த தொகுப்புக்கான பாட்டுகளை எழுதவும்தான். அந்த நேரத்தில் அவர்களுடைய மேலாளர் ராபர்ட் ஸ்டிக்வுட் தொலைபேசியில் அழைத்து, தாம் தயாரிக்கும் ஒரு படத்துக்குப் பாட்டுகள் வேண்டும் என்று கேட்டார். அவர்கள் திரைக்கதையைப் படிக்காமலேயே, தங்களிடம் உருவாகிக்கொண்டிருந்த பாட்டுகளைக் கொடுத்தார்கள். ‘நைட் ஃபீவர்’, ‘மோர் தேன் எ வுமன்’, ‘ஸ்டேயிங் அலைவ்’ எல்லாம் அந்தச் சில வாரங்களில் உருவானவை.

‘நைட் ஃபீவர்’ பாட்டின் டிரம்ஸ் பதிவு முடிந்திருந்தது. அதை வாசித்தவர் குழுவின் நிரந்தர டிரம்மரான டென்னிஸ் பிரையன். குடும்பத்தில் நேர்ந்த ஒரு துயரத்தால் அவர் உடனே ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. மாளிகை இருந்ததோ கிராமப்புறத்தில். மாற்று ஆள் கிடைக்கவில்லை. ஆர்கனோடு இணைந்த தாள இயந்திரம் ஒன்றை முயன்று பார்த்தார்கள். அதன் ஒலி பாட்டோடு ஒட்டவில்லை. அப்போது தயாரிப்பாளர்களான ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும் ஒரு வழி கண்டார்கள். ‘நைட் ஃபீவர்’ பதிவிலிருந்து பிரையன் வாசித்த இரண்டே இரண்டு பார்களை (ஒரு பார் என்பது நான்கு தாள அடி) எடுத்து, அந்த நாடாத் துண்டின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி வளையமாக்கினார்கள். வளையம் இயந்திரத்துக்கு வெளியே நீண்டு தொங்கியதால், அதை ஒரு மைக் ஸ்டாண்டின் மேல் ஓடவிட்டு, தொய்வு வராமலிருக்க ஒரு காலி ரீலை அதில் எடையாகத் தொங்கவிட்டார்கள். அந்த வளையம் சுற்றச் சுற்ற எழுந்த ஒலியை வேறொரு நாடாவில் பாட்டின் நீளத்துக்குப் பதிவு செய்துகொண்டு, அதன் மேல்தான் கிட்டார், பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் கிட்டார்), குரல் எல்லாவற்றையும் அடுக்கினார்கள்.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் நடக்கும் வேலை இது. அன்று கத்தரிக்கும் பிளேடின் சாய்வு சற்றுப் பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடறல் கேட்கும். இரண்டு பாரின் தொடக்கமும் முடிவும் மயிரிழை பிசகினாலும் தாளம் நொண்டும். இந்தப் பாட்டில் அந்த ஒட்டு எங்கே இருக்கிறது என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு எத்தனையோ இரவுகள் தேடியிருக்கிறேன். இன்றுவரை அது என் காதுக்கு அகப்படவில்லை. அந்த வேலையைச் செய்த கைகளின் மீது எனக்குள்ள மரியாதையைச் சொல்லி முடியாது.

லூப் என்றால் வளையம். அந்த வளையத்துக்குத்தான் ஓர் ஆளின் பெயரைப்போல எழுத்தை மாற்றி உறையில் அச்சிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, பெர்னார்ட் லூப் எங்கே கிடைப்பார் என்று பலர் விசாரித்ததாகக் கலூட்டனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அதே வளையம் ‘மோர் தேன் எ வுமன்’ பாட்டிலும், 1980இல் பார்ப்ரா ஸ்ட்ரைசண்ட் பாடிய ‘வுமன் இன் லவ்’ பாட்டிலும் பயன்பட்டது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இயந்திரத் தாளத்தில் எல்லா அடியும் ஒரே அளவில், ஒரே அழுத்தத்தில் விழும். மனிதர் தொடர்ந்து வாசித்தால் நான்கு நிமிடத்தில் சிறிது முன்னும் பின்னும் போகும். இந்த வளையத்தில் அந்த இரண்டு பார்களுக்குள் ஒரு மனிதக் கையின் அழுத்தமும் நெகிழ்வும் அப்படியே இருக்கின்றன; அதே நேரத்தில் அவை சிறிதும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகின்றன. மனிதத் தாளமாகவும் இயந்திரத் தாளமாகவும் ஒருசேர இருக்கும் ஒலி 1977இல் மிகப் புதியது. இன்றைய பாட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் செய்யப்படுகின்றன. அதனால்தான் இன்றைய பிள்ளைகளின் காதுக்கு இது பழைய பாட்டாகப் படவில்லை.

வேலந்தாவளம் தவில்:

நாடாப்பெட்டி அண்ணன் சொன்னதில் ஒட்டு வேலையைப் பற்றிய ஒவ்வொரு சொல்லையும் ஏற்கிறேன். ஆனால் முடிவில் மாறுபடுகிறேன். வளையம் மட்டுமே காரணமென்றால் அதே வளையத்தில் அமைந்த மற்ற இரண்டு பாட்டுகளும் இதே அளவுக்கு நின்றிருக்க வேண்டும். அவையும் பெரிய வெற்றிகள்தான். ஆனால் ஊர் ஊராகக் கல்யாண வீட்டில் ஒலிப்பவை அவை அல்ல.

நான் கோயில் விழாக்களில் தவில் வாசிப்பவன். எல்லைக்கு இந்தக் கேரளப் பக்கம் செண்டை மேளத்தோடு சேர்ந்து நிற்கும் வாய்ப்பும் ஆண்டுதோறும் கிடைக்கிறது. பஞ்சாரி மேளத்தில் முதற்காலம், அதாவது முதல் வேகநிலை, 96 அட்சரம் (தாள எண்ணிக்கை). அது 48, 24, 12 என்று பாதி பாதியாகச் சுருங்கி ஐந்தாம் காலத்தில் 6 அட்சரமாகிறது. காலம் ஏற ஏறக் கூட்டத்தின் கைகள் மேலே எழும். நமக்குப் பழக்கமான தாள இன்பம் பெரும்பாலும் இப்படி ஏறுவதில்தான் இருக்கிறது. இந்தப் பாட்டோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 103 தாள அடி என்ற ஒரே நடையில் தொடங்கி, அதே நடையில் ஓடி, அதே நடையில் மங்கி மறைகிறது. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் நான்கு அடியிலும் விழுகிறது, குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம் இரண்டிலும் நான்கிலும் விழுகிறது, அவ்வளவுதான். காலம் ஏறாத மேளத்தில் கூட்டம் எப்படி நிற்கும்?

நிற்க வைப்பவை மற்றவை. முதலில் அந்த பேஸும் கிட்டாரும் சேர்ந்து வாசிக்கும் சிறிய சொற்கட்டு. அது அடியின் மேல் உட்காராமல் அடிகளுக்கு இடையில் எட்டி எட்டிக் கால் வைக்கிறது. நாங்கள் தவிலின் வலது முகமான வலந்தலையில் நடையைப் பிடித்துக்கொண்டு இடது முகமான தொப்பியில் பேசுவதைப்போல, நிலையாக நிற்கும் ஒன்றும் அதைச் சீண்டும் ஒன்றும் சேர்ந்தே போகின்றன. அடுத்தது குரல். பேரி கிப் கள்ளத்தொண்டையில், அதாவது இயல்பான குரலைத் தாண்டிய மெல்லிய உச்சக் குரலில், பாடத் தொடங்கியது 1975இல், மயாமி நகரில், அரிஃப் மார்டின் தயாரித்த ‘நைட்ஸ் ஆன் பிராட்வே’ பாட்டின் முடிவில். அதற்கு முன் இந்தச் சகோதரர்கள் மெல்லிய காதல் பாட்டுகளுக்குத்தான் பெயர் பெற்றவர்கள். அங்கே ஓர் அலங்காரமாக வந்த கள்ளத்தொண்டை, இந்தப் பாட்டில் முதல் வரியிலிருந்தே பாடகனின் முழுக்குரலாகிவிடுகிறது. உடல் தரையில் நிதானமாக நடக்கிறது, குரல் மட்டும் உச்சியில் பதறுகிறது. காலம் ஏறாமலேயே ஐந்தாம் காலத்தின் பரபரப்பை அந்தக் குரல் கொடுத்துவிடுகிறது என்பதுதான் என் கருத்து.

103 என்பது ஆடும் வேகமும் அல்ல. அந்தக் காலத்து டிஸ்கோ பாட்டுகள் பலவும் நிமிடத்துக்கு 120 அடியை ஒட்டி ஓடுபவை. இது நடையின் வேகம். படத்தின் நாயகனும் அந்தப் பாட்டுக்கு ஆடவில்லை, பெயிண்ட் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கிறான். வாசகன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் கடலை உரித்தவர்களின் கை அந்தத் தாளத்துக்கு வந்ததில் எனக்கு வியப்பே இல்லை. அதுவும் வேலை செய்யும் கையின் வேகம்தான்.

ஒழலப்பதி ஆசிரியை:

தவில் தம்பி குரலின் பதற்றத்தைத் தொட்டுவிட்டார். அந்தப் பதற்றத்துக்கான காரணம் சொற்களிலேயே இருக்கிறது. நம்மில் பலரும் ஆங்கிலம் புரியாமல் கேட்டுப் பழகியதால் இதை ஒரு கொண்டாட்டப் பாட்டென்று நினைத்துவிட்டோம். தொடக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிறவன், பாட்டு முடியும் இடத்தில் என் வாழ்க்கை எங்கும் போகவில்லை, யாராவது எனக்கு உதவுங்கள் என்று திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறான். தலைப்பே ‘உயிரோடு இருத்தல்’ என்பதுதான். நன்றாக வாழ்தல்கூட அல்ல. 1975இல் நியூயார்க் மாநகராட்சி திவாலாகும் நிலைக்கு வந்தது. 1977 ஜூலையில் நகரமே இருளில் மூழ்கிய மின்தடையின்போது கடைகள் சூறையாடப்பட்டன. படத்தின் நாயகன் புரூக்ளினில் பெயிண்ட் கடையில் வேலை செய்யும் இளைஞன். சனிக்கிழமை இரவு மட்டுமே அவனுக்கு மரியாதை கிடைக்கிறது. இதை உங்கள் உரையில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

ஸ்டிக்வுட் பாட்டுக்கு ‘சாட்டர்டே நைட்’ என்று பெயர் வைக்கும்படி கேட்டார். அந்தப் பெயரில் ஏற்கெனவே பல பாட்டுகள் இருக்கின்றன என்று சகோதரர்கள் மறுத்துவிட்டார்கள். அவர்கள் இசைந்திருந்தால் பாட்டு அந்த ஆண்டோடு போயிருக்கும் என்று நான் நம்புகிறேன். சனிக்கிழமை இரவு என்பது ஒரு காலத்தின் வழக்கம். பிழைத்துக் கிடப்பது எல்லாக் காலத்துக்கும் உரியது. வாளையாரில் விடியற்காலையில் வண்டியேறிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லை எனக்கு அகராதி பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

புள்ளிவிவரம் வேண்டுமென்றால்: தனிப்பாட்டாக 1977 டிசம்பரில் வந்தது, 1978 பிப்ரவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்து நான்கு வாரம் இருந்தது. படத்தின் இசைத்தொகுப்பு 24 வாரம் முதலிடத்தில் இருந்து, ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. பிறகு வெறுப்பும் வந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோ நகரின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். சகோதரர்கள் அதன் பிறகு பெரும்பாலும் பிறருக்குப் பாட்டு எழுதுகிறவர்களாக ஒதுங்க வேண்டியதாயிற்று. பாட்டு ஒதுங்கவில்லை. 1995இல் என்-ட்ரான்ஸ் என்ற குழு இதையே புது வடிவில் பாடி, பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை கொண்டுபோனது.

சித்தூர் செவிலி:

இசை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பாட்டைத் தொழிலுக்காகக் கற்றவள் என்பதால் எழுதுகிறேன்.

இதயம் நின்றுபோனவரின் மார்பின் நடுவில் கைகளை வைத்து அழுத்தும் முதலுதவிக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்பது விதி. பயிற்சியில் இந்த எண்ணைச் சொல்லிக் கொடுப்பது எளிது. பதற்றத்தில் அதைக் காப்பாற்றுவது கடினம். பெரும்பாலானோர் தொடக்கத்தில் மிக வேகமாகவும், களைத்த பிறகு மிக மெதுவாகவும் அழுத்துவார்கள். 2008இல் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகர மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்களையும் மாணவர்களையும் கொண்டு ஒரு சிறிய சோதனை செய்தார்கள். இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அழுத்தியபோது சராசரி 109; ஐந்து வாரங்களுக்குப் பிறகு பாட்டை ஒலிக்கவிடாமல் மனத்துக்குள் மட்டும் பாடிக்கொண்டு அழுத்தியபோது 113. பின்னர் அமெரிக்க இதயச் சங்கமும் பிரிட்டிஷ் இதய அறக்கட்டளையும் தங்கள் விழிப்புணர்வுப் படங்களில் இதைப் பயன்படுத்தின.

நான் பயிற்சி பெற்ற இடத்திலும் இதைத்தான் போட்டார்கள். இப்போது நானே பள்ளிகளுக்குப் போய்க் கற்றுக் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 103 என்ற எண்ணைச் சொன்னால் மறுநாளே மறந்துவிடுகிறார்கள். பாட்டை ஒருமுறை போட்டால் அடுத்த ஆண்டு பார்க்கும்போதும் கை சரியாக விழுகிறது. 108க்கு அழைத்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டிய நிமிடங்களில் அந்தக் கைகள்தான் துணை.

வாசகன் அண்ணா, உங்கள் உரை நாளில் வாயனசாலையில் இடம் இருந்தால் பயிற்சி பொம்மையுடன் வருகிறேன். பத்து நிமிடம் போதும்.

கொழிஞ்சை வாசகன்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியை அவர்களுக்கு: முடிவில் வரும் கெஞ்சலை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டும் கேட்காதவனாகவே இருந்திருக்கிறேன். நேற்றிரவு அந்தப் பகுதியை மட்டும் தனியாகக் கேட்டேன். பெரியப்பா மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போன ஆண்டுகளில் இதை ஏன் வாங்கினார், ஏன் ஊருக்குக் கொண்டுவந்தார் என்று அவர் இருந்தபோது நான் கேட்டதே இல்லை. சித்தூர் சகோதரிக்கு: கட்டாயம் வாருங்கள், செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

தவில் அண்ணனும் நாடாப்பெட்டி ஐயாவும் மாறுபடும் இடத்தை நான் தீர்க்கப் போவதில்லை. முதலில் டிரம்ஸை மட்டும், பிறகு பேஸ், பிறகு குரல் என்று ஒவ்வொன்றாகக் கேட்கவைத்துவிட்டு, கேட்பவர்களிடமே விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. அந்த வளையத்தின் அளவை எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண்ணால் காட்ட வேண்டும். அது எவ்வளவு நீளம் இருக்கும்? கேசட் நாடாவில் செய்து காட்ட முடியுமா?

நாடாப்பெட்டி:

கேசட் நாடாவில் காட்டினால் யாருக்கும் தெரியாது. கேசட் நொடிக்கு ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத்தான் ஓடும். நிமிடத்துக்கு 103 தாள அடி என்றால் இரண்டு பாருக்கு, அதாவது எட்டுத் தாள அடிக்கு, நான்கரை நொடிக்கும் சற்றே கூடுதலாக ஆகும். அது கேசட்டில் ஒன்பது அங்குலம்கூட வராது. ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா நொடிக்கு 15 அங்குலம் அல்லது 30 அங்குலம் ஓடும். 15 என்று கணக்கிட்டால் வளையம் ஏறத்தாழ 70 அங்குலம், 30 என்றால் 140 அங்குலம். தொகுப்பில் உள்ள பாட்டு நான்கே முக்கால் நிமிடம். அந்த வளையம் அறுபது முறைக்கும் மேல் சுற்றினால்தான் அவ்வளவு நேரம் நிரம்பும்.

வாயனசாலைக்கு ஒரு நாலு முழ வேட்டியும் ஓர் எட்டு முழ வேட்டியும் கொண்டுபோங்கள். முதலாவது 70 அங்குலத்துக்கும் இரண்டாவது 140 அங்குலத்துக்கும் ஏறக்குறையச் சரியாக வரும். எட்டு முழ வேட்டியின் இரு முனைகளையும் முடிந்து, ஒரு பக்கத்தை மேசை மேலும் மறுபக்கத்தை மைக் ஸ்டாண்டின் மேலும் போட்டு, இரண்டு பேரைப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள். முடிச்சு மேசையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எட்டுத் தாள அடி முடிந்திருக்க வேண்டும். தவில் தம்பி வந்து தாளம் போட்டால் சுற்றுகிறவர்களுக்கு எளிதாக இருக்கும். நானும் வருகிறேன், பழைய பிளேடும் ஒட்டு நாடாவும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, பிள்ளைகள் யாராவது கேட்டால் அங்கேயே ஒரு துண்டை வெட்டி ஒட்டிக் காட்டலாம்.